காசு கொடுக்கிற அரசு எதுவரைக்கும் கேள்வி கேட்கலாம்? நியூயார்க் மியூசியங்களும் நகர நிர்வாகமும்

இன்னைக்கு எபிசோட் கலையைப் பத்தி. எந்த ஓவியத்துக்கு என்ன அர்த்தம்னு விளக்கப் போறேன்னு பயந்துடாதீங்க, அது எனக்கு வராது. நான் இன்ஜினியரிங் படிச்சவன், பகல் முழுக்க சாஃப்ட்வேர் எழுதுறவன். ஒரு சிஸ்டத்துல யாருக்கு என்ன அனுமதி இருக்கு, பணம் எந்த வழியா போகுது, எந்த இடத்துல சிக்குது, இதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும். அந்தக் கண்ணோட பார்த்தா, ஒரு பெரிய நகரம் தன்னோட மியூசியங்களுக்கும் நாடகக் குழுக்களுக்கும் எப்படிக் காசு கொடுக்குதுங்கிறது செம சுவாரஸ்யமான கதை.

கேள்வி ரொம்ப எளிமையானது. உங்க வரிப் பணத்துல அரசாங்கம் ஒரு மியூசியத்துக்குக் காசு கொடுக்குது. கொடுத்துட்டு, எதுவரைக்கும் கேள்வி கேட்கலாம்?

"எங்க காசு, நாங்க சொல்றதுதான் நடக்கணும்"னு ஒரு கட்சி. "கலைக்குள்ள அரசு மூக்கை நுழைக்கவே கூடாது, காசை மட்டும் கொடுத்துட்டுப் போங்க"ன்னு இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டுமே சரியாப் படல. ஏன்னு சொல்ல நியூயார்க் நகரத்தை எடுத்துக்கறேன். அமெரிக்காவுல கலைக்கு அதிகமா செலவு பண்ற நகர நிர்வாகம் அதுதான். அதோட, இந்தக் கேள்வி அங்க கோர்ட் வரைக்கும் போயிருக்கு.

முதல்ல ரெண்டு அனுமதி

டேட்டாபேஸ்ல வேலை பார்த்தவங்களுக்கு இது தெரியும். ரீட் அனுமதின்னா உள்ள என்ன இருக்குன்னு பார்க்கலாம். ரைட் அனுமதின்னா உள்ள இருக்கிறதை மாத்தலாம். ஆடிட்டர் வந்தா அவருக்கு எல்லாத்தையும் காட்டுவோம், ஆனா எதையும் மாத்துற அனுமதியைக் கொடுக்க மாட்டோம். அவர் மேல சந்தேகம்னு அர்த்தம் இல்ல. பார்க்கிறவரும் மாத்துறவரும் ஒரே ஆளா இருந்தா, என்ன நடந்துச்சுன்னு நாளைக்கு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அதுக்காகத்தான்.

அரசும் கலையும் விஷயத்துலயும் இதே பிரிவு இருக்கு. கணக்கைக் காட்டு, போர்டுல யார் இருக்காங்க சொல்லு, டிக்கெட் விலை என்ன, சாதாரண ஜனங்க உள்ள வர முடியுதா, இதெல்லாம் ரீட். இந்தப் படத்தைக் கழட்டு, இந்த நாடகத்தைப் போடாதேங்கிறது ரைட். இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பினா என்ன ஆகும்னு நியூயார்க் நல்லாவே பார்த்திருக்கு.

காசு எப்படிப் போகுது

அங்க கலாச்சாரத்துக்குன்னே ஒரு தனித் துறை இருக்கு. அதோட கமிஷனரை மேயர் நியமிக்கிறார். 2025 ஜூலையில ஆரம்பிச்ச நிதியாண்டுக்கு இந்தத் துறைக்கு ஒதுக்கினது சுமார் 30 கோடி டாலர். அமெரிக்க மத்திய அரசோட தேசியக் கலை நிதியத்துக்கு மொத்த நாட்டுக்கும் சேர்த்தே அதுக்கு முந்தின வருஷங்கள்ல கிடைச்சது 20.7 கோடி டாலர் அளவுதான். ஒரு நகரம் தன் நாட்டையே முந்துது. ஆனா நகரத்தோட மொத்த பட்ஜெட் 11,500 கோடி டாலருக்கும் மேல. அதுல வெச்சுப் பார்த்தா நூறு டாலருக்கு ஏறக்குறைய கால் டாலர். இந்தக் கால் டாலரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்தப் பணம் முக்கியமா மூணு வழியில போகுது.

முதல் வழி, நகரத்துக்குச் சொந்தமான கட்டடங்கள்ல, நிலங்கள்ல இயங்குற அமைப்புகள். மெட்ரோபாலிட்டன் மியூசியம், இயற்கை வரலாற்று மியூசியம், ப்ரூக்ளின் மியூசியம், பிராங்ஸ் மிருகக்காட்சி சாலை மாதிரி. 2025ல புதுசா 5 சேர்ந்து இப்போ 39 அமைப்புகள். இந்த ஏற்பாட்டுக்கு 19ஆம் நூற்றாண்டோட கடைசிப் பகுதியில இருந்தே வேர் இருக்கு. பேரம் என்னன்னா, கட்டடம் நகரத்தோடது, உள்ள இருக்கிற கலைப்பொருட்களும் நிர்வாகமும் ஒரு தனியார் அறக்கட்டளை போர்டோடது. கரன்ட், காவல், பராமரிப்புக்கு நகரம் உதவும். அதுக்குப் பதிலா மியூசியம் ஜனங்களுக்குத் திறந்திருக்கணும். வீட்டுக்காரர் ஒருத்தர், குடித்தனக்காரர் ஒருத்தர், கரன்ட் பில்லுல பாதியை வீட்டுக்காரர் கட்டுறார். அப்படி ஒரு விசித்திரமான குத்தகை.

ரெண்டாவது வழி, விண்ணப்பம் போட்டு வாங்குற நிதி. சின்ன டான்ஸ் கம்பெனி, தெருமுனைத் தியேட்டர், பேட்டை மியூசியம்னு ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள். இதைக் கலைத்துறை ஆட்கள் உட்கார்ற குழுக்கள் படிச்சு மதிப்பிடுது.

மூணாவது வழி, கவுன்சிலர்கள் கைகாட்டுற நிதி. நியூயார்க் சிட்டி கவுன்சில்ல 51 பேர். ஸ்கூல் முடிஞ்சதும் பசங்களுக்குக் கலை வகுப்பு நடத்துற ஒரு திட்டம் இருக்கு, அதுல எந்த ஸ்கூலுக்கு எந்தக் குழுன்னு கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறாங்க.

இதையெல்லாம் கண்காணிக்கிறது யார்? கவுன்சில்ல கலாச்சாரத்துக்குன்னு ஒரு கமிட்டி இருக்கு. அது கமிஷனரைப் பொதுவுல உட்கார வெச்சுக் கேள்வி கேட்கும். மேயரைச் சாராம, ஜனங்க நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற கம்ப்ட்ரோலர்னு ஒரு தலைமைக் கணக்கு அதிகாரி இருக்கார், அவர் ஆடிட் பண்ணுவார். மெட்ரோபாலிட்டன் மாதிரி மியூசியங்களோட போர்டுல பதவி வழியாவே மேயருக்கும், கம்ப்ட்ரோலருக்கும், கவுன்சில் சபாநாயகருக்கும் ஒரு நாற்காலி உண்டு. ஆக, ரீட் அனுமதிக்குக் குறையே இல்ல. சிஸ்டம் டிசைனாப் பார்த்தா அருமை. இப்போ இதை ஒருத்தர் எப்படி வளைச்சார்னு பார்க்கலாம்.

1999: ஒரு படமும் ஒரு மேயரும்

1999 அக்டோபர் 2ஆம் தேதி ப்ரூக்ளின் மியூசியத்துல 'சென்சேஷன்'னு ஒரு கண்காட்சி திறக்க இருந்துச்சு. பிரிட்டிஷ் இளம் கலைஞர்களோட படைப்புகள். எல்லாமே சார்ல்ஸ் சாச்சிங்கிற லண்டன் விளம்பர அதிபரோட சொந்தக் கலெக்‌ஷன். அதுல கிறிஸ் ஓஃபிலி வரைஞ்ச ஒரு மேரி மாதா படம். கறுப்பு நிற மாதா, சுத்தி ஆபாசப் பத்திரிகையில இருந்து வெட்டி ஒட்டின துண்டுகள், மார்பு இருக்கிற இடத்துல யானை லத்தி. ஓஃபிலி நைஜீரியப் பெற்றோருக்கு மான்செஸ்டர்ல பிறந்தவர், கத்தோலிக்கரா வளர்ந்தவர், 1998ல பிரிட்டனோட டர்னர் பரிசு வாங்கினவர். அவரோட நிறைய படங்கள்ல யானை லத்தி வரும்.

அப்போ மேயர் ரூடி ஜூலியானி. அவரும் கத்தோலிக்கர். அடுத்த வருஷம் செனட் தேர்தல்ல நிக்கப் போறார்னு பேச்சு இருந்த நேரம். செப்டம்பர் 22ஆம் தேதி அவர் வெளிப்படையாவே சொல்லிட்டார்: இந்தக் கண்காட்சியை நிறுத்தலைன்னா நகரம் கொடுக்கிற பணம் நிக்கும்.

அந்தப் பணம் வருஷத்துக்கு சுமார் 70 லட்சம் டாலர். மியூசியத்தோட மொத்தச் செலவுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு. அக்டோபர்ல வர வேண்டிய சுமார் 5 லட்சம் டாலர் தவணையை நிறுத்தியும் வெச்சாங்க. அதோட விடல. கட்டடம் நகரத்தோடது இல்லையா? மியூசியத்தையே காலி பண்ணச் சொல்லி மாநில கோர்ட்டுல வழக்கும் போட்டாங்க.

நகரம் கேட்டதுல சில கேள்விகள் மேலோட்டமாப் பார்த்தா நியாயமாவே தோணும். கண்காட்சிக்குத் தனி டிக்கெட் வெக்கிறீங்களே, குத்தகை ஒப்பந்தப்படி அது சரியா? 17 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க பெரியவங்களோடதான் வரணும்னு சொல்றீங்களே, ஜனங்களுக்குத் திறந்திருக்கணும்ங்கிற நிபந்தனை என்ன ஆச்சு? இதெல்லாம் ரீட் பக்கத்துக் கேள்விகள். ஆனா மேயர் மைக் முன்னாடி நின்னு சொன்ன காரணம் படம். படம் கெட்டது, மதத்தைக் கேவலப்படுத்துது, அதனால காசு கிடையாது. குத்தகை விதி அப்புறம் வந்து ஒட்டிக்கிட்ட காரணம்.

மியூசியம் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போச்சு. நவம்பர் 1ஆம் தேதி நீதிபதி நினா கெர்ஷன் நகரத்துக்கு எதிரா இடைக்காலத் தடை போட்டார். தீர்ப்போட சாரத்தை என் வார்த்தையில சொல்றேன்: மியூசியத்துக்குக் காசு கொடுத்தே ஆகணும்னு நகரத்துக்குக் கட்டாயம் கிடையாது. ஆனா கொடுத்துட்டு இருக்கிற காசை, ஒரு கருத்து பிடிக்கலைங்கிறதுக்காகத் தண்டனையா நிறுத்தக் கூடாது. பேச்சுரிமை அதை அனுமதிக்காது.

இதுல கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விவரம் இருக்கு. நகரத்தோட காசு அந்தக் கண்காட்சிக்குப் போகவே இல்ல. அது லைட்டு எரியவும், செக்யூரிட்டி சம்பளத்துக்கும், கட்டடப் பராமரிப்புக்கும் போற காசு. கண்காட்சிக்கு வேற இடத்துல இருந்து பணம் வந்துச்சு. அதாவது, கரன்ட் பில் கட்டுறவர் சுவர்ல மாட்டின படத்தைக் கழட்டச் சொல்றார். ரீட் அனுமதி வெச்சிருந்தவர் ரைட் பண்ணப் பார்த்தார், சிஸ்டம் 'அனுமதி இல்லை'ன்னு சொல்லிடுச்சு. 2000 மார்ச்சுல சமரசம் ஆச்சு. நிறுத்தின நிதி திரும்ப வந்துச்சு, கூடவே கட்டட வேலைகளுக்கு 58 லட்சம் டாலரும்.

யாரும் கேட்காத கேள்வி

பொதுவா இந்தக் கதையை இதோட முடிச்சிடுவாங்க. கலை ஜெயிச்சது, மேயர் தோத்தார், சுபம். ஆனா எனக்கு முக்கியமாப் படுறது இதுக்கு அடுத்த பகுதி.

கண்காட்சிக்குப் பணம் வேற இடத்துல இருந்து வந்துச்சுன்னு சொன்னேன்ல? வழக்கு நடக்கும்போது ஆவணங்கள் வெளிய வந்துச்சு. நன்கொடை கொடுத்தவங்கள்ல பெரிய ஆள் யார் தெரியுமா? சார்ல்ஸ் சாச்சியேதான். 1,60,000 டாலர். படங்களோட சொந்தக்காரர். மியூசியம் இதை முதல்ல வெளிய சொல்லல. கலைப்பொருட்களை ஏலம் விடுற கிறிஸ்டீஸ் கம்பெனியும் ஸ்பான்சர்.

இதுல என்ன பிரச்சனைன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. பொதுமக்கள் சொத்தான கட்டடத்துல, மதிப்புள்ள ஒரு மியூசியத்துல உங்க கலெக்‌ஷன் தொங்கினா அதோட மார்க்கெட் விலை ஏற வாய்ப்பு இருக்கு. அப்போ மியூசியம் சுவர் யாருக்காக? பார்க்க வர்ற ஜனங்களுக்கா, நாளைக்கு அதை விக்கப் போற முதலாளிக்கா? நகரம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கேட்க அதுக்கு முழு உரிமையும் இருந்துச்சு. ஆனா மேயர் யானை லத்தியைப் பிடிச்சுக்கிட்டார். மியூசியத்தை ஆதரிச்ச கலையுலகமும் தணிக்கைக்கு எதிரா ஒண்ணா நிக்க வேண்டிய கட்டாயத்துக்குப் போனதால, இந்தப் பணக் கேள்வி பின்னுக்குப் போயிடுச்சு. அடுத்த வருஷம் அமெரிக்க மியூசியங்களோட சங்கம், கடன் வாங்கின பொருட்களைக் காட்சிக்கு வெக்கிறதைப் பத்தி வழிகாட்டு விதிகள் கொண்டு வந்துச்சு. அதாவது துறையே அதை உண்மையான பிரச்சனைன்னு ஒத்துக்கிச்சு.

என் முக்கியமான வாதமே இதுதான். ரைட் அனுமதிக்காக அரசு சண்டை போட்டா, கலைச் சுதந்திரம் மட்டும் அடி வாங்காது, நியாயமான ரீட் அனுமதியும் சேர்ந்து அடி வாங்கும். ஏன்னா அதுக்கப்புறம் யார் "கணக்கைக் காட்டுங்க"ன்னு கேட்டாலும் "ஓ, நீயும் தணிக்கை பண்ண வந்தவனா?"ன்னு மியூசியம் திருப்பிக் கேட்கலாம்.

இதோட இன்னொரு கிளைக்கதை. அதே கண்காட்சி அடுத்து ஆஸ்திரேலியாவோட கான்பெராவுக்குப் போறதா இருந்துச்சு. 1999 நவம்பர்ல அங்க ரத்து பண்ணிட்டாங்க. கலைச்சந்தைக்கு ரொம்ப நெருக்கமா இருக்குங்கிறது கேலரி இயக்குநர் சொன்ன காரணம். அரசியல் அழுத்தம்னு வேற சிலர் சந்தேகப்பட்டாங்க. வெளிய இருந்து பார்க்கிறவங்களால இதை உறுதியாப் பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டு பிரச்சனையையும் ஒண்ணாக் கலந்தா எல்லாருக்கும் கிடைக்கிற குழப்பம் இதுதான்.

நல்ல கண்காணிப்பு எப்படி இருக்கும்?

விமர்சனம் போதும், சரியா நடந்ததும் இருக்கு.

மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல ரொம்ப வருஷமா "இஷ்டப்பட்டதைக் கொடுங்க"ங்கிற முறை இருந்துச்சு. 2018 மார்ச்சுல அதை மாத்தி, நியூயார்க் மாநிலத்துக்கு வெளிய இருந்து வர்ற பெரியவங்க 25 டாலர் கட்டணும்னு கொண்டு வந்தாங்க. கட்டடம் நகரத்தோடதுங்கிறதால நகரத்தோட சம்மதம் இல்லாம இதைச் செய்ய முடியாது. பேச்சுவார்த்தை நடந்துச்சு. மாநிலத்துல வசிக்கிறவங்களுக்குப் பழைய முறையே தொடருது. உள்ள என்ன படம் மாட்டணும்னு யாரும் பேசல, யார் உள்ள வரலாம்ங்கிறதைப் பத்தி மட்டும்தான் பேச்சு. முடிவு உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமப் போகலாம். பேசின விஷயம் சரியான விஷயம்.

அடுத்தது, கவுன்சிலர் நிதி. 2008ல ஒரு பெரிய ஊழல் வெளிய வந்துச்சு. கவுன்சில் பட்ஜெட்ல இல்லாத அமைப்புகளோட பேர்ல பல வருஷமா காசு ஒதுக்கி வெச்சு, அப்புறம் வேணுங்கிற இடத்துக்குத் திருப்பி விட்டிருக்காங்க. கலை நிதி மட்டும் இல்ல, கவுன்சிலர்கள் கைகாட்டுற எல்லாக் காசையும் பத்தின பிரச்சனை இது. அதுக்கப்புறம் அமைப்புகளைச் சரிபார்க்கிற விதிகள் கடுமையாச்சு. எந்த உறுப்பினர் எந்த அமைப்புக்கு எவ்வளவு கொடுத்தார்ங்கிறதை இப்போ யார் வேணும்னாலும் தேடிப் பார்க்கலாம். நம்ம பாஷையில, லாகை பப்ளிக் ஆக்கிட்டாங்க.

இப்போ கொஞ்சம் சிக்கலான உதாரணம். 2016 ஜனவரியில கலாச்சாரத் துறை ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. நகரத்துல வெள்ளையர் அல்லாதவங்க 67 சதவீதம். ஆனா கலை அமைப்புகள்ல வேலை பார்க்கிறவங்கள்ல அவங்க 38 சதவீதம்தான். 2017ல நகரத்தோட முதல் முழுமையான கலாச்சாரத் திட்டம் வந்தப்போ, ஊழியர்கள்லயும் போர்டுலயும் பன்முகத்தன்மைக்கு என்ன திட்டம்னு பெரிய மியூசியங்களைக் கேட்டாங்க. அந்தப் பதிலை நிதியோடவும் கோர்த்தாங்க.

இது ரீடா ரைட்டா? எண்ணிக்கையை வெளியிடுறது சந்தேகமே இல்லாம ரீட். திட்டம் கொடுன்னு கேட்கிறது கோட்டு மேல நிக்குது. என்னோட கருத்து, இது சரியான பக்கத்துலதான் இருக்கு. ஏன்னா கேள்வி வேலைக்கு ஆள் எடுக்கிறதைப் பத்தினது, எதைக் காட்சிக்கு வெக்கணும்ங்கிறதைப் பத்தினது இல்ல. ஆனா நாளைக்கு வேற ஒரு மேயர் இதே கருவியை வேற ஒரு நோக்கத்துக்குத் திருப்பலாம். "நிதி வேணும்னா இதைச் செய்"ங்கிற ஒவ்வொரு கண்டிஷனும் அடுத்து வர்றவருக்கு நாம விட்டுட்டுப் போற ஒரு சாவி. நமக்குப் பிடிச்சவர் கையில சாவி இருக்கும்போதே அதைப் பத்தி யோசிக்கணும்.

நிபுணர் குழுவா, பேட்டை ஜனங்களா?

அரசியல்வாதி தேர்ந்தெடுக்கக் கூடாதுன்னா கலைத்துறை நிபுணர்கள் தேர்ந்தெடுக்கட்டும்னு சொல்லலாம். பெரும்பாலும் அது நல்ல வழிதான். ஆனா அதுவும் முழுத் தீர்வு கிடையாது.

சென்ட்ரல் பார்க்கோட கிழக்கு ஓரத்துல, 103ஆம் தெருவுக்கு எதிர்ல மேரியன் சிம்ஸ்னு ஒரு 19ஆம் நூற்றாண்டு டாக்டரோட சிலை இருந்துச்சு. அடிமைகளா இருந்த கறுப்பினப் பெண்கள் மேல மயக்க மருந்தே இல்லாம ஆபரேஷன் செஞ்சு பார்த்தவர். பல வருஷப் போராட்டத்துக்கு அப்புறம் 2018 ஏப்ரல்ல சிலையை எடுத்தாங்க. அந்த இடத்துல என்ன வைக்கலாம்? 2019ல தேர்வுக்குழு சிமோன் லீங்கிற புகழ்பெற்ற சிற்பியைத் தேர்ந்தெடுத்துச்சு. சிலையை எடுக்கச் சொல்லிப் போராடின கிழக்கு ஹார்லெம் ஜனங்களுக்கோ வின்னி பேக்வெல்லோட வடிவமைப்புதான் பிடிச்சிருந்தது. கூட்டத்துல எதிர்ப்பு வெடிச்சுது. சிமோன் லீ தானாவே விலகிக்கிட்டார், வேலை பேக்வெல்லுக்குப் போச்சு.

இங்க யார் சரி? நிபுணர் குழு இல்லைன்னா பொது இடத்துல தலைவர்கள் சிலை மட்டும்தான் மிஞ்சும். நிபுணர் குழு மட்டும்னா, தினமும் அந்த வழியா நடந்து போறவங்களுக்கு வாய்ப்பேச்சே இல்ல. ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெளிவாத் தெரியுது. யார் சொல்லுக்கு எவ்வளவு எடைன்னு ஓட்டெடுப்புக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். கருத்து கேட்கக் கூப்பிட்டு உட்கார வெச்சுட்டு, கடைசியில "முடிவு எங்களோடது"ன்னு சொன்னா ஜனங்க கோபப்படத்தான் செய்வாங்க.

மூணாவது அனுமதி: பவர் ஸ்விட்ச்

ரீட், ரைட் பத்தி நிறையப் பேசிட்டோம். மூணாவதா ஒண்ணு இருக்கு. சர்வருக்குப் போற கரன்ட் ஸ்விட்ச் யார் கையில? அவருக்கு ரீட் அனுமதியும் வேண்டாம், ரைட் அனுமதியும் வேண்டாம்.

நியூயார்க்ல நிதியாண்டு ஜூலை 1ஆம் தேதி ஆரம்பிக்குது. ஜனவரியில மேயர் ஒரு பட்ஜெட் போடுவார், வசந்த காலத்துல திருத்துவார், ஜூன் முடியறதுக்குள்ள கவுன்சிலோட உடன்பாடு வரணும். இதுல பழகிப்போன ஒரு நாடகம் உண்டு. மேயர் கலாச்சார நிதியை வெட்டுவார். கலைஞர்கள் சிட்டி ஹால் படிக்கட்டுல வந்து நிப்பாங்க. கவுன்சில் சண்டை போடும். கடைசியில வெட்டினதுல பெரும்பகுதி திரும்ப வரும், எல்லாரும் கைகுலுக்கி போட்டோ எடுத்துப்பாங்க. இதுக்கு அங்க 'பட்ஜெட் டான்ஸ்'னே பேர்.

2023 நவம்பர்ல மேயர் எரிக் ஆடம்ஸ் எல்லாத் துறைக்கும் 5 சதவீத வெட்டு அறிவிச்சார். கலாச்சாரத் துறையும் அதுல சிக்கிச்சு. 2024 ஜூன்ல உடன்பாடு வந்தப்போ கலாச்சாரத்துக்கு 5.3 கோடி டாலர் திரும்பக் கிடைச்சுது. சந்தோஷம்தான். ஆனா இடையில இருக்கிற மாசங்களை ஒரு சின்ன டான்ஸ் கம்பெனியோட இடத்துல இருந்து பாருங்க. அக்டோபர்ல ஷோ. தியேட்டரை மார்ச்லயே புக் பண்ணணும், டான்ஸர்களுக்கு மே மாசமே சொல்லணும். காசு வருமா வராதான்னு தெரியறது ஜூன் கடைசியில. கையில காசு வர்றது அதுக்கும் அப்புறம். பெரிய மியூசியத்துக்கு இருப்பு நிதி இருக்கு, போர்டுல கோடீஸ்வரங்க இருக்காங்க, தாங்கிடும். சின்னக் குழு என்ன பண்ணும்? ஷோவைச் சின்னதாக்கும். இல்லைன்னா ரிஸ்க் இல்லாத ஷோவாப் பார்த்துப் போடும்.

அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படிங்க. இங்க எந்த மேயரும் எந்தப் படத்தையும் கழட்டச் சொல்லல. எந்தக் கோர்ட்டுக்கும் போக வழி இல்ல. ஆனா மேடையில என்ன வரும்ங்கிறது மாறிடுச்சு. 1999 தீர்ப்பு காப்பாத்துறது கிடைச்சுட்டு இருக்கிற காசைத்தான். அடுத்த வருஷம் யாருக்குமே குறைவா ஒதுக்கினா, அதுல யாரோட பேச்சுரிமை போச்சுன்னு எந்த நீதிபதிகிட்ட காட்டுவீங்க?

அதனாலதான் 2025ல நடந்த ஒரு மாற்றம் எனக்கு அந்தக் கோர்ட் தீர்ப்பு அளவுக்கு முக்கியமாப் படுது. வருஷா வருஷம் கெஞ்சி வாங்கிட்டு இருந்த பணத்துக்குப் பதிலா 4.5 கோடி டாலரை 'பேஸ்லைன்' பண்ணினாங்க. அதாவது, அடுத்த வருஷ பட்ஜெட் கணக்கு அதைச் சேர்த்துக்கிட்டேதான் ஆரம்பிக்கும். ஐ.டி.ல இருக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட்ல இருந்து பெர்மனன்ட் ஆக்கின மாதிரி. மேயர் இனியும் வெட்டலாம். ஆனா சும்மா விட்டாலே தானாப் போயிடும்ங்கிற நிலைமை மாறிடுச்சு. வெட்டணும்னா அவர் வெளிப்படையா வெட்டணும்.

இப்போ அந்த நூறுல கால் டாலருக்கு வருவோம். இந்தக் கால் டாலரை மிச்சப்படுத்தினா நகரத்தோட கடன் அடைஞ்சிடப் போறதில்ல. எல்லாருக்கும் அது தெரியும். அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் அதை வெட்டிட்டுத் திருப்பிக் கொடுக்கணும்? என்னோட ஊகம் இது: திருப்பிக் கொடுக்கிறவருக்கு நன்றி கிடைக்குது. வாங்குறவங்க அடுத்த ஜூன் வரைக்கும் வாயை அடக்கிட்டு இருப்பாங்க. யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யத் தேவையில்ல, சிஸ்டமே அப்படி அமைஞ்சிருக்கு.

எடுத்துட்டுப் போக நாலு கேள்வி

எபிசோடை முடிக்கிறதுக்கு முன்னாடி, நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் கேட்டுப் பார்க்கிற மாதிரி நாலு கேள்வி சொல்றேன்.

1. எந்தக் கலை அமைப்புக்கு எவ்வளவு பொதுப் பணம் போச்சுங்கிற பட்டியல் பொதுவுல இருக்கா?

2. தேர்ந்தெடுக்கிற குழுவுல யார் இருக்காங்க? அவங்களுக்கு வேண்டியவங்க விண்ணப்பிச்சா எழுந்து வெளிய போறாங்களா?

3. அதிகாரி கேட்கிற கேள்வி கணக்கைப் பத்தினதா, படைப்பைப் பத்தினதா? கணக்குன்னு சொல்லிட்டுப் படைப்பைத் தொடறாங்களா?

4. ஒதுக்கின பணம் எப்போ கைக்கு வருது? எவ்வளவு ஒதுக்கினாங்கங்கிறது தலைப்புச் செய்தி ஆகும், எப்போ வந்துச்சுங்கிறது ஆகாது. ஆனா ஒரு சின்னக் குழு உயிரோட இருக்குமாங்கிறது அந்தத் தேதியிலதான் இருக்கு.

ஓஃபிலியோட அந்த மாதா படம் இப்போ நியூயார்க்லயே, மாடர்ன் ஆர்ட் மியூசியத்தோட கலெக்‌ஷன்ல இருக்கு. 2018ல நன்கொடையா வந்து சேர்ந்துச்சு. அதைக் கழட்டச் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. கண்காட்சிக்குக் காசு கொடுத்தது யார்னு கேட்டா எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த நாலு கேள்வியில ஏதாவது ஒண்ணை உங்க ஊர் அரங்கத்துக்கோ மியூசியத்துக்கோ கேட்டுப் பார்த்து, என்ன பதில் வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. கிடைக்கிற பதில்களை வெச்சு இன்னொரு எபிசோட் பண்ணலாம்.